வெள்ளியால் நீலம் பாரித்த தோல்: லேசருக்கு முன்னும் பின்னும் என்ன செய்வது?

கொலுசு கறுத்துக் கணுக்காலில் கறை படிந்தால், சோப்புப் போட்டுத் தேய்த்தால் போய்விடும். அதே வெள்ளி வாய் வழியாகவோ புண் வழியாகவோ உடம்புக்குள் போய், ரத்தத்தோடு சுற்றி, தோலுக்கு அடியில் தங்கிவிட்டால் எந்தச் சோப்புக்கும் அசைந்து கொடுக்காது. முகமும் கழுத்தும் கையும் சாம்பல் பூத்த நீலமாக மாறிவிடும். பாம்பு கடித்து நீலம் பாரிப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்போம். இது அப்படி ஒரே ராத்திரியில் வருவதில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல ஏறும். மருத்துவத்தில் இதன் பெயர் ஆர்ஜிரியா.

‘வந்தால் வந்ததுதான், போகாது’ என்றுதான் இதைப் பற்றி வெகுகாலம் சொல்லிவந்தார்கள். லேசர் வந்த பிறகு அந்தப் பேச்சு மாறியிருக்கிறது. ஆனால் ‘லேசர் அடித்தால் சரியாகிவிடும்’ என்று ஒரே வரியில் முடிகிற விஷயமும் இல்லை. எந்த வரிசையில் எதைச் செய்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. வரிசை தப்பினால், குறிப்பாக நம் மாநிறத் தோலில், நீலம் போய்த் திட்டுத்திட்டான கறுப்போ வெள்ளையோ மிஞ்சும்.

நான் மருத்துவன் இல்லை. கல்லூரி நாளில் முன்கையில் குத்திக்கொண்ட பச்சையை அழிக்க, இதே வகை லேசரின் கீழ் ஐந்து முறை கையை நீட்டியவன். அப்போது தொடங்கிய தேடல் இது. இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் முடிவு செய்துவிடாதீர்கள். தோல் மருத்துவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், தோலுக்குள் நடப்பது என்ன

பழைய ஃபிலிம் கேமராவை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபிலிமில் பூசியிருப்பது வெள்ளி உப்பு. வெளிச்சம் பட்ட இடத்தில் அது உலோக வெள்ளியாக மாறத் தொடங்கி, கழுவும்போது கறுப்பாகத் தெரியும். ஆர்ஜிரியாவில் நம் தோலே ஃபிலிம். குடலிலிருந்து ரத்தத்துக்கு வந்த வெள்ளி, தோலின் உள்ளடுக்கில், வியர்வைச் சுரப்பிகளைச் சுற்றியும் மீள்நார்களின் மேலும் நுண்துகள்களாகப் படிகிறது. வெயில் பட்டதும் உலோக வெள்ளியாகி, பிறகு கந்தகத்தோடும் செலினியத்தோடும் சேர்ந்து கறுக்கிறது. போதாததற்கு, வெள்ளி மெலனின் உற்பத்தியையும் தூண்டிவிடுகிறது. அதனால்தான் நெற்றி, மூக்கு, கன்னம், கைகளில் நீலம் அதிகமாகவும் சட்டைக்குள் இருக்கும் இடத்தில் குறைவாகவும் தெரிகிறது.

துகள்கள் இருப்பது உள்ளடுக்கில். வெளுப்பு க்ரீம்கள் வேலை செய்வது மேலடுக்கு மெலனின் மேல். இரண்டும் சந்திப்பதே இல்லை. ஈயம், செம்பு போன்ற உலோகங்களை உடம்பிலிருந்து வெளியேற்றக் கொடுக்கும் பெனிசிலமைன் போன்ற மருந்துகளையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், பலன் இல்லை. யாராவது ‘டீடாக்ஸ்’ என்று பொட்டலம் நீட்டினால் காசை மிச்சம் பிடியுங்கள்.

படி 1: வெள்ளி எங்கிருந்து வருகிறது என்று பிடியுங்கள், நிறுத்துங்கள்

குழாயை மூடாமல் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. உலகம் அறிந்த மூன்று பேரின் கதை இதற்குப் போதும்.

அமெரிக்காவின் ரோஸ்மேரி ஜேக்கப்ஸுக்கு 1950களில், 11 வயதில், மூக்கடைப்புக்காக ஒரு டாக்டரே வெள்ளி கலந்த சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். சில வருடங்களில் முகம் சாம்பலானது. பின்னாளில், லேசர் இல்லாத காலத்தில், தோலைச் சுரண்டி எடுக்கும் சிகிச்சையைச் செய்துகொண்டார். நிறம் போகவில்லை, முகம் திட்டுத்திட்டாக ஆனதுதான் மிச்சம். மற்றவர்கள் இதில் விழக்கூடாது என்று பல வருடங்கள் பேசிவந்தவர் அவர். மொன்டானா மாநிலத்தில் 2002 செனட் தேர்தலில் நின்ற ஸ்டான் ஜோன்ஸ், 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்று, ஆன்டிபயாடிக் கிடைக்காமல் போய்விடும் என்று பயந்து, வெள்ளித் தண்ணீரைத் தானே தயாரித்துக் குடித்து நீலமானவர். பால் கராசன் பல வருடங்கள் கொலாய்டல் சில்வர், அதாவது வெள்ளி நுண்துகள்கள் மிதக்கும் தண்ணீர், குடித்ததோடு, தோல் அழற்சிக்காக அதை முகத்திலும் பூசினார். 2008இல் தொலைக்காட்சியில் வந்து ‘நீல மனிதர்’ என்று பெயர் வாங்கி, 2013இல் இறந்தார்.

மூன்றிலும் வில்லன் ஒன்றுதான்: குடிக்கவோ சொட்டாக விடவோ தந்த வெள்ளி. கொலாய்டல் சில்வர், வெள்ளி உப்புகள் அடங்கிய கடைச்சரக்கு மருந்து எதுவும் பாதுகாப்பானதாகவோ பலன் தருவதாகவோ ஏற்கப்படவில்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 1999லேயே விதி போட்டுவிட்டது. ஆனாலும் 2020 மார்ச்சில், கொரோனாவுக்கு வெள்ளித் தண்ணீர் விற்றவர்களுக்கு அதே நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது. நம்மூரில் இதே சரக்கு இணையக் கடைகளில் ‘நோய் எதிர்ப்பு’ என்ற பெயரில் கிடைக்கிறது.

எவ்வளவு போனால் அதிகம்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.005 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 0.3 மில்லிகிராம். பாட்டிலில் 10 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் பத்துப் பங்கு வெள்ளி) என்று போட்டிருந்தால் ஒரு டீஸ்பூனில் 0.05 மில்லிகிராம் இருக்கும், அதாவது ஆறு டீஸ்பூனில் வரம்பைத் தொட்டுவிடலாம். வீட்டில் பேட்டரியும் வெள்ளிக் கம்பியும் வைத்துத் தயாரிப்பவர்களுக்கு எத்தனை பிபிஎம் என்றே தெரியாது.

பட்டியல் அதோடு முடிவதில்லை. டாக்டரிடம் போகும்போது கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும் டப்பாவோடு கொண்டுபோங்கள்:

- வெள்ளி பற்பம், ரஜத பஸ்மம், வெள்ளி சேர்ந்த லேகியம். வைத்தியர் தந்தது என்பதால் சொல்லத் தயங்க வேண்டாம்.
- தீக்காயத்துக்குப் பூசும் வெள்ளை க்ரீம். அதில் இருப்பது சில்வர் சல்ஃபாடையசின். பெரிய புண்ணில் நீண்ட நாள் பூசினால் வெள்ளி உள்ளே போகும்.
- வாய்ப்புண்ணுக்கோ மூக்கில் ரத்தம் வருவதற்கோ சில்வர் நைட்ரேட் தடவிய வரலாறு.
- வெள்ளிப் பூச்சுள்ள வாசனை மாத்திரைகள். ஜப்பானில் ஜின்டான் என்ற வெள்ளி உருண்டைகளை வருடக்கணக்கில் மென்றவர்களுக்கு ஆர்ஜிரியா வந்திருக்கிறது. இனிப்பின் மேல் எப்போதாவது ஒட்டியிருக்கும் வெள்ளித் தாளை நினைத்து நடுங்க வேண்டியதில்லை.
- தொழில். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகள் மாதிரி வெள்ளியை அறுத்து, ராவி, பாலிஷ் போடும் இடங்களில் நுண்தூள் விரலில் ஏறலாம்.

இன்னொரு வகையும் உண்டு, அது ஓரிடத்தில் மட்டும் வருவது. என் அத்தைக்குக் காது மடலின் பின்பக்கம் மிளகளவு நீலப் புள்ளி ஒன்று இருந்தது. வருடக்கணக்காகப் போட்டிருந்த வெள்ளித் தோட்டின் திருகு பதிந்த இடம் அது. மச்சம் என்றே நினைத்திருந்தோம்.

படி 2: இது ஆர்ஜிரியாதானா என்று உறுதி செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே லேசர் மேசையில் படுப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். நீலம், சாம்பல் நிறத்துக்கு வேறு காரணங்கள் நிறைய உண்டு.

வீட்டிலேயே ஒரு சோதனை: நீலமான இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். ஆக்சிஜன் குறைவால் வந்த நீலம் என்றால் வெளுத்துத் திரும்ப வரும். வெள்ளி அசையாது. கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால் மாட்டிப் பாருங்கள். 97, 98 காட்டினால் பிரச்சினை பெரும்பாலும் ரத்தத்தில் இல்லை. எண் குறைவாக இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்து நகம். அடியில் பிறை போல இருக்கும் இடம் நீலமாக இருந்தால் ஆர்ஜிரியாவை நோக்கிக் கை காட்டும். ஆனால் உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோயிலும் பிறை நீலமாகும்.

அப்புறம் நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள். இதயத் துடிப்புக்கான அமியோடரோன், முகப்பருவுக்கான மினோசைக்ளின், மூட்டு வாதத்துக்கான ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகியவையும் நீலச்சாம்பல் நிறம் தரும். நம்மூரில் இன்னொன்று: வெளுப்பு க்ரீமில் இருக்கும் ஹைட்ரோகுயினோனை வருடக்கணக்கில் பூசி, கன்னத்தில் நீலக்கறுப்பு ஏறுவது. வெளுக்கப் போய்க் கறுப்பதால் மேலும் பூசுவார்கள், மேலும் கறுக்கும்.

முடிவான பதில் பயாப்ஸிதான். மரத்துப்போக ஊசி போட்டு, மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் தோலைச் சிறு வட்டமாக எடுப்பார்கள். ஒன்றிரண்டு தையல். நுண்நோக்கியில் வியர்வைச் சுரப்பியைச் சுற்றிப் பழுப்புக் கறுப்புத் துகள்கள் வரிசை கட்டித் தெரியும். இருள்புல ஒளியில் அதே துகள்கள் அமாவாசை வானத்து நட்சத்திரம் போல மின்னும். அது வெள்ளிதான் என்று எக்ஸ்ரே பகுப்பாய்வால் நிரூபிக்கவும் முடியும்.

ஓரிடத்தில் மட்டும் நீலக்கறுப்புப் புள்ளி இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். மெலனோமா என்ற தோல் புற்றும் அப்படியே தோற்றம் தரும். என்னவென்று தெரியாத கறுப்புப் புள்ளியின் மேல் லேசர் அடிப்பது, தடயத்தை அழித்துவிட்டுக் குற்றவாளியை வீட்டுக்குள் விடுவதற்குச் சமம். அத்தையின் புள்ளியையும் முதலில் வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளி என்று வந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. வெட்டியதிலேயே புள்ளி போய்விட்டதால் லேசர் தேவைப்படவில்லை. சின்னப் புள்ளிக்கு அதுவே எளிய வழி.

படி 3: லேசருக்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

இதில் முதல் இடம் தங்கத்துக்கு. முடக்குவாதத்துக்குத் தங்க ஊசி போட்டுக்கொண்டவர்கள் தோலில் தங்கம் படிந்திருக்கும். அதன் மேல் ஆர்ஜிரியாவுக்கு அடிக்கும் க்யூ ஸ்விட்ச்டு லேசர் (அடுத்த படியில் விளக்குகிறேன்) பட்டால் பட்ட இடம் அப்போதே நீலக்கறுப்பாகும். ஊசி போட்டுப் பல வருடம் ஆகியிருந்தாலும் இதே கதைதான். தங்க பற்பம் சாப்பிட்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள். வெள்ளியை அழிக்கப் போய்த் தங்கத்தைக் கறுக்கவைத்த கதை ஆகிவிடக்கூடாது.

புருவத்திலோ உதட்டிலோ நிரந்தர மேக்கப் குத்தியிருந்தால் அந்தச் சாயமும் கறுக்கலாம். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு, உதட்டில் அடிக்கடி அக்கி, முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின், கர்ப்பம், சமீபத்தில் வெயிலில் கருத்தது ஆகியவற்றையும் விடாமல் சொல்லுங்கள். அக்கி வருபவர்களுக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுப்பார்கள்.

படி 4: எந்த லேசர், யார் கையில்

‘யாக் லேசர் எங்களிடம் இருக்கிறது’ என்று பல இடங்களில் சொல்வார்கள். அந்தப் பெயரில் இரண்டு முற்றிலும் வேறான இயந்திரங்கள் உண்டு. முடி நீக்கப் பயன்படுவது மில்லி விநாடிக் கணக்கில் ஒளி பாய்ச்சும், சூட்டால் வேலை செய்யும். நமக்கு அது உதவாது. நமக்கு வேண்டியது க்யூ ஸ்விட்ச்டு என்டி யாக், அலைநீளம் 1064 நானோமீட்டர். அதன் ஒவ்வொரு துடிப்பும் சில நானோ விநாடிகளுக்குள் முடிந்துவிடும். அவ்வளவு வேகத்தில் பாயும் ஆற்றலைத் துகள் வாங்கிக்கொண்டு அதிர்ந்து சிதறும். சுற்றியுள்ள தோல் சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும்.

1064 என்ற எண் ஏன் முக்கியம்? அலைநீளம் கூடக்கூட மெலனின் அதைக் குறைவாக உறிஞ்சும், ஒளியும் ஆழமாக இறங்கும். நம் தோலில் மெலனின் அதிகம், வெள்ளியோ ஆழத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் 1064தான் பொருத்தம். அதே இயந்திரத்தில் 532 என்ற பச்சை ஒளியும் இருக்கும். அதை மெலனின் அப்படியே விழுங்கிவிடும், மாநிறத் தோலில் கொப்புளமும் கறுப்புத் தழும்பும் வர வழி. சில இடங்களில் காட்டும் ஐபிஎல் என்ற ஒளிச் சிகிச்சை லேசரே இல்லை.

கொலாய்டல் சில்வர் குடித்து நீலமான ஒருவருக்கு 1064 க்யூ ஸ்விட்ச்டு லேசர் பலித்ததை 2008இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். 2012இல் வந்த இன்னொரு அறிக்கை, ஓராண்டு கழித்தும் பலன் நிலைத்ததைக் காட்டியது. பிறகு பிகோ லேசர் வந்தது. துடிப்பு இன்னும் சுருக்கம், பிகோ விநாடிக் கணக்கு. 755 நானோமீட்டர் பிகோ லேசராலும் ஆர்ஜிரியாவைக் குறைத்திருக்கிறார்கள். ஆனால் 755ஐ மெலனின் 1064ஐவிட அதிகமாக உறிஞ்சும் என்பதால், நம் நிறத்துக்கு 1064 வசதியுள்ள பிகோவே மேல். பிகோவுக்குக் கட்டணமும் கூடுதல். நல்ல கையில் இருக்கும் க்யூ ஸ்விட்ச்டு, அரைகுறைக் கையில் இருக்கும் பிகோவைவிட எவ்வளவோ தேவலை.

ஒன்றைக் கவனித்தீர்களா? இவை எல்லாம் ஒருவர், இருவர் என்று வந்த அறிக்கைகள். ஆயிரம் பேரை வைத்து நடத்திய சோதனை கிடையாது, நோயே அரிது. ஆகவே ‘நூறு சதவீதம் கேரண்டி’ என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் செருப்பைக் கழற்றவே வேண்டாம்.

டாக்டர் தோல் மருத்துவத்தில் எம்.டி., டி.டி.வி.எல். அல்லது டி.என்.பி. படித்தவரா, கைப்பிடியை அவரே பிடிப்பாரா அல்லது உதவியாளரிடம் விடுவாரா என்று கேளுங்கள். ஆர்ஜிரியாவுக்கு முன்பு செய்ததில்லை என்று சொன்னால் ஒதுக்கிவிடாதீர்கள், பெரும்பாலானோர் செய்திருக்க வாய்ப்பே இல்லை. மாநிறத் தோலில் பச்சை அழித்த அனுபவம், கண்ணைச் சுற்றியுள்ள நீல மச்சத்தைக் குறைத்த அனுபவம் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கைப்பழக்கம்தான் இங்கே உதவும்.

படி 5: சோதனைப் புள்ளி

முகம் முழுக்க இறங்குவதற்கு முன், சிறிய இடத்தில் இரண்டு மூன்று ஆற்றல் அளவுகளில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த இடம் என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. தொடை, முதுகு என்று மறைவான இடத்தைக் கேட்கத் தோன்றும். ஆனால் வெயில் படாத அந்தத் தோலில் நீலமும் குறைவு, வெயில் வாங்கிய முகத்தோல் மாதிரி நடந்துகொள்ளவும் செய்யாது. காதுக்குக் கீழே தாடை எலும்பு முடியும் இடம் நல்லது. வெயில் பட்ட தோல், முடியும் துப்பட்டாவும் மறைக்கும்.

அடித்த அன்றே முடிவு சொல்லாதீர்கள். வெள்ளியின் நீலம் அடித்த இடத்தில் சட்டென்று வெளிறுவது உண்டு, அதைப் பார்த்து மயங்கக்கூடாது. மாநிறத் தோலில் சிகிச்சைக்குப் பிந்தைய கறுப்பு இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். குறைந்தது ஆறு வாரம் காத்திருங்கள்.

சோதனைக்கு முன்பே படம் எடுத்து வையுங்கள். டியூப் லைட்டில் ஆர்ஜிரியா ஒரு நிறம், வெயிலில் வேறு நிறம். ஒரே ஜன்னல் ஓரம், ஒரே நேரம், ஒரே வெள்ளைச் சட்டை, ஃபிளாஷ் இல்லாமல், ஃபோனின் அழகூட்டும் வசதியை நிறுத்திவிட்டு. சட்டையின் வெள்ளை இரண்டு படத்திலும் ஒரே மாதிரி இருந்தால்தான் முகத்தை ஒப்பிட முடியும்.

படி 6: வலிக்கு ஏற்பாடு

வலியைப் பற்றிப் பூசி மெழுகமாட்டேன். தாளிக்கும்போது கடுகு வெடித்துக் கையில் தெறிக்குமே, அந்தச் சுளீர் ஒரு நொடிக்குப் பல முறை, ஒரே வரிசையில் நகர்ந்துகொண்டே போனால் எப்படி? அதுதான். ‘டப் டப் டப்’ என்று சத்தம், முடி கருகும் வாசனை. என் பச்சை மூன்று விரல் அகலம்தான், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவது நிமிடமே போதும்டா சாமி என்றாகிவிட்டது.

முகம் முழுக்க என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒளிப்புள்ளி 4 மில்லிமீட்டர் அகலம் என்றால், 10 செ.மீ. நீள அகலமுள்ள பரப்புக்கே சுமார் 800 துடிப்பு வேண்டும். 6 மில்லிமீட்டர் என்றால் 350. முகம் அதைப்போலப் பல மடங்கு. அதனால் ஆர்ஜிரியாவுக்கு வெறும் மரப்பு க்ரீம் பல நேரங்களில் போதாது. அந்தப் பகுதியின் நரம்பை மரக்கவைக்கும் ஊசி, சில சமயம் முழு மயக்க மருந்து வரை போயிருக்கிறார்கள். இல்லாவிட்டால் பகுதி பகுதியாக, ஒரு நாள் நெற்றி, இன்னொரு நாள் கன்னம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

இங்கே இரண்டு ஆபத்துகள். மரப்பு க்ரீமில் இருக்கும் பிரிலோகெயின், பெரிய பரப்பில் நீண்ட நேரம் பூசினால் ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுத்து உடம்பை நீலமாக்கும். சாதாரண ஆளுக்கு உதடு நீலமானால் நர்ஸ் பதறி ஓடி வருவார். ஏற்கெனவே நீலமாக இருப்பவருக்கு யார் கண்டுபிடிப்பது? ஆகவே வீட்டிலிருந்தே முகம் முழுக்க அப்பிக்கொண்டு போகாதீர்கள். மயக்க மருந்து என்றால், மயக்கவியல் மருத்துவருக்கு ஆர்ஜிரியா என்று முன்னாலேயே எழுத்தில் தெரியவேண்டும். தோலின் நிறத்தை வைத்து ஆக்சிஜனைக் கணிக்கும் பழக்கம் இங்கே இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

படி 7: சிகிச்சை நாள்

முகத்தில் மேக்கப், சன்ஸ்கிரீன் எதுவும் இல்லாமல் போங்கள். அறையில் இருக்கும் அனைவரும் 1064க்கு உரிய கண்ணாடி போட்டிருக்க வேண்டும். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரையைச் சுட்டுவிடும். இமைக்கு அருகே அடிப்பதானால் சாதாரண மூடி போதாது, கண்ணுக்குள்ளேயே வைக்கும் உலோகக் கவசம் வேண்டும். இது இல்லை என்றால் இமையை விட்டுவிடச் சொல்லுங்கள்.

குறைந்த ஆற்றலில் தொடங்கித்தான் ஏற்ற வேண்டும். லேசான சிவப்பு, வீக்கம், சில இடத்தில் ஊசிமுனை ரத்தம் வரலாம். கொப்புளமோ தோல் உரிவதோ தெரிந்தால் ஆற்றல் அதிகம் என்று அர்த்தம். பல்லைக் கடித்துக்கொண்டிருக்காமல் கையைத் தூக்கிச் சொல்லுங்கள்.

முடிந்ததும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: அலைநீளம், புள்ளியின் அகலம், ஆற்றல், எந்தப் பகுதி, எத்தனை துடிப்பு. ஊர் மாறினாலும் டாக்டர் மாறினாலும் அந்தத் தாள்தான் உங்கள் ஜாதகம்.

படி 8: புண் ஆறும் நாட்கள்

துணியில் சுற்றிய ஐஸ், வெறும் பெட்ரோலியம் ஜெல்லி, மென்மையான சோப்பு. அவ்வளவுதான். பொருக்கு தட்டினால் ஒரு வாரம், பத்து நாளில் தானாக உதிரும். பிய்க்க வேண்டாம். மஞ்சள், எலுமிச்சை, கற்றாழை என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள், எதையும் வைக்காதீர்கள்.

நான் முதல் முறை பச்சையை அழித்துவிட்டு வெளியே வந்தபோது கையில் ஒரு ட்யூபைத் திணித்தார்கள். வீட்டுக்கு வந்து பொடி எழுத்தைப் படித்தேன்: சில்வர் சல்ஃபாடையசின். எனக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், வெள்ளியை அழிக்க லேசர் அடித்துக்கொண்ட ஒருவர் அந்தத் திறந்த தோலில் மறுபடி வெள்ளியையே பூசினால்? லேசர் செய்யும் பல இடங்களில் வழக்கமாகக் கொடுக்கும் க்ரீம் அது, யோசிக்காமல் கொடுத்துவிடுவார்கள். வெள்ளி கலந்த கட்டுத்துணிகளும் உண்டு. ட்யூபில் ‘சில்வர்’ என்று இருந்தால் திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள். ஆர்ஜிரியா உள்ளவர் இந்த ஒரு சொல்லை வாழ்நாள் முழுக்கத் தேட வேண்டும்.

புண் ஆறியதும் சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30க்கு மேல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. அதோடு குடையும் தொப்பியும். லேசரே செய்துகொள்ளாதவர்களுக்கும் இது பொருந்தும். வெயில் படப்படத்தான் நீலம் ஆழமாகும்.

படி 9: எத்தனை முறை, எவ்வளவு எதிர்பார்க்கலாம்

ஒரே இடத்தில் அடுத்த முறை அடிக்க ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி விடுவது நம் தோலுக்கு நல்லது. அவசரப்பட்டு வாராவாரம் குறைந்த ஆற்றலில் அடித்துக்கொண்டே போனால், சிறுசிறு வெள்ளைத் திட்டுகள் விழலாம். அவற்றை மாற்றுவது நீலத்தை மாற்றுவதைவிடக் கடினம். சிலருக்கு ஓர் அமர்விலேயே நல்ல மாற்றம், சிலருக்குப் பல அமர்வு. அடித்த பகுதிக்கும் அடிக்காத பகுதிக்கும் நடுவே கோடு தெரிவது உண்டு, கழுத்தும் காதும் சேர்த்துத் திட்டமிடாவிட்டால் முகமூடி போட்டது போல இருக்கும். கட்டணத்தை அமர்வுக்கா, பரப்புக்கா என்று முதல் நாளே பேசிவிடுங்கள். காப்பீட்டு நிறுவனங்கள் இதைப் பெரும்பாலும் அழகுச் சிகிச்சை என்று ஒதுக்கிவிடும்.

லேசர் தொடாத இடங்களும் உண்டு. கண்ணின் வெள்ளைப் பகுதி, ஈறு, நகப்பிறை அப்படியே இருக்கும். கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் படிந்த வெள்ளியையும் அது எடுக்காது. லேசர் நிறத்தைத்தான் மாற்றுகிறது, உடம்பின் வெள்ளிக் கணக்கை இல்லை. பழைய பாட்டிலை மறுபடி திறந்தால் மறுபடி நீலம் வரும்.

படி 10: பணப்பையில் ஒரு சீட்டு

முகம் தெளிந்த பிறகும் நகப்பிறை நீலமாகவே இருக்கும். விபத்திலோ மயக்கத்திலோ ஆம்புலன்ஸில் ஏற்றினால், அங்கே முதலில் பார்ப்பது உதட்டையும் நகத்தையும்தான். ஒரு சிறு அட்டையில் இப்படி எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்: ‘எனக்கு ஆர்ஜிரியா உள்ளது. தோல், நகத்தின் நீலம் வெள்ளியால் வந்தது. வழக்கமான ஆக்சிஜன் அளவு 98. நிறத்தைப் பார்க்காமல் ரத்தப் பரிசோதனையை நம்பவும். வெள்ளி கலந்த மருந்து, கட்டு எதுவும் வேண்டாம்.’ பின்பக்கம் ரத்தப் பிரிவும், வீட்டில் ஒருவரின் ஃபோன் எண்ணும்.